முழு எண் காக்கும் ஒளி



இரவில் விளக்கெரியும் அறையின் சன்னலருகே நின்றால் கண்ணாடியில் நம் முகம் தெரிகிறது. கண்ணாடி ஒளியை ஊடுருவ விடும் பொருள். ஆயினும் அதன் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஓர் ஊடகம் முடிந்து மற்றோர் ஊடகம் தொடங்கும் இடத்தில் ஒளியின் ஒரு பகுதி பின்திரும்புவது இயல்பு. ஒளி செல்லும் தடத்தில் ஒரு கூரிய வளைவோ கீறலோ மேடுபள்ளமோ இருந்தாலும் அவ்வாறே நிகழும். இதனைப் பின்சிதறல் என்பர்.

சன்னலைப் பொறுத்தவரை இதனால் தீங்கில்லை. ஆனால் இன்று தலைமுடியைக் காட்டிலும் நூறு மடங்கு மெல்லிய தடங்களில் ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்பவும் கணக்கிடவும் அறிவியலாளர்கள் முயல்கின்றனர். குவாண்டம் கருவிகளில் ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள் ஒன்றே ஒன்று ஒரு செய்தியைச் சுமந்து செல்லும். கடலடிக் கம்பிவடங்களில் வலுக்குன்றிய ஒளியை இடையிடையே பெருக்கிக்கொள்ளலாம். ஒற்றை ஃபோட்டானின் நிலையை அவ்வாறு பெருக்கிக்கொள்ள வழியில்லை. அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை முடிவுகளுள் ஒன்று. வழியில் தொலைந்த ஃபோட்டான் தொலைந்ததுதான்.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. குறைகள் உள்ள தடத்திலும் ஒளி பின்திரும்ப இயலாதவாறு வழி அமைக்க முடியுமா? தடத்தை மேன்மேலும் வழவழப்பாக்குவது ஒரு விடை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மற்றொரு விடையும் உருவாகி வருகிறது. அது இடவியல் என்னும் கணிதத் துறையிலிருந்து பிறந்தது. அந்த விடை யாது, அது எவ்வாறு செயற்படுகிறது, அதன் வலிமை எங்கே நின்றுவிடுகிறது என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

1. பந்தற்காலும் கயிறும்

வடிவியல் நீளத்தையும் கோணத்தையும் பரப்பையும் அளக்கிறது. டோபாலஜி என்று உலகெங்கும் வழங்கும் இடவியலோ அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பொருளை வெட்டாமலும் ஒட்டாமலும் வளைத்தும் நீட்டியும் உருமாற்றும்போது எந்தப் பண்புகள் மாறாமல் நிலைத்திருக்கின்றன என்பதையே அது ஆராய்கிறது. உளுந்து வடைக்கு ஒரு துளை உண்டு. இட்டிலிக்குத் துளை இல்லை. வடையை எவ்வளவு அழுத்தினாலும் அது பிய்ந்துபோகாத வரையில் துளையின் எண்ணிக்கை 1 என்றே இருக்கும். அரைத் துளை, கால் துளை என்று எதுவும் இல்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒரு பந்தற்காலைச் சுற்றிக் கயிற்றை மூன்று முறை சுற்றி, அதன் இரு முனைகளையும் முடிச்சிட்டு இணைத்துவிட்டதாகக் கொள்வோம். கயிற்றைக் கழற்ற முடியாத அளவுக்குப் பந்தற்கால் உயரமானது என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது கயிற்றைத் தளர்த்தலாம், இறுக்கலாம், உலுக்கலாம். சுற்றுகளின் எண்ணிக்கை 3 என்பது மாறாது. அதனை 2 ஆக்க வேண்டுமானால் கயிற்றை அறுக்க வேண்டும். அல்லது கயிறு பந்தற்காலின் ஊடாகப் புகுந்து வெளிவர வேண்டும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, முழு எண் சிறிது சிறிதாக மாறுவதில்லை. ஆகவே சிறு குலுக்கல்கள் அதனைப் பாதிப்பதில்லை. இரண்டாவது, அந்த எண் மாற வேண்டுமானால் இடையில் ஒரு பெருநிகழ்ச்சி நிகழ்ந்தே தீர வேண்டும். இனி வருவன யாவும் இவ்விரண்டின் விளைவுகளே.

2. பருப்பொருளில் வெளிப்பட்ட முழு எண்

மின்னோட்டம் செல்லும் தகடு ஒன்றைக் காந்தப் புலத்தில் வைத்தால் தகட்டின் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். இதனை எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் 1879இல் கண்டறிந்தார். நூறாண்டுகள் கழித்து, 1980 பிப்ரவரியில், கிளாஸ் வான் கிளிட்சிங் என்னும் செருமானிய இயற்பியலாளர் பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரிலிருந்த ஆய்வகத்தில் இதே அளவீட்டைச் செய்தார். அவர் பயன்படுத்திய சிலிக்கன் கருவியில் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய தளத்தில் மட்டுமே இயங்கக்கூடியவை. வெப்பநிலை மிகத் தாழ்ந்தது. காந்தப் புலம் மிக வலியது.

குறுக்கு மின்தடை சீராக உயரும் என்று எதிர்பார்க்கலாம். அது படிக்கட்டுப்போல் உயர்ந்தது. ஒவ்வொரு படியின் மதிப்பும் 25,812.807 ஓம் என்னும் ஓர் அளவை 1, 2, 3, 4 ஆகிய முழு எண்களால் வகுத்துப் பெற்ற மதிப்பாக இருந்தது. பொருளில் மாசு இருந்தாலும், துண்டின் வடிவம் வேறுபட்டாலும் படிகளின் மதிப்பு மாறவில்லை. நூறு கோடியில் ஒரு பங்குகூடப் பிசகாத இந்தத் துல்லியத்தால்தான் 1990 முதல் மின்தடையின் அளவுகோலாகவே இது பயன்பட்டு வருகிறது. வான் கிளிட்சிங் 1985இல் நோபெல் பரிசு பெற்றார்.

மாசு நிறைந்த பொருளில் இத்துணைத் துல்லியமான எண் எங்கிருந்து வந்தது? 1982இல் டேவிட் தௌலெஸ் மூன்று ஆய்வாளர்களுடன் இணைந்து இதற்கு விடை கண்டார். எலக்ட்ரான் குவாண்டம் இயற்பியலில் ஓர் அலை. படிகத்துள் அந்த அலைகள் பெறக்கூடிய ஆற்றல்கள் பட்டைகளாக அமைகின்றன. பட்டைகளுக்கு நடுவே எந்த அலைக்கும் இடமில்லாத இடைவெளிகள் உள்ளன. ஒரு பட்டையில் உள்ள அலைகள் யாவற்றையும் ஒருசேர நோக்கினால், அவை கயிறு பந்தற்காலைச் சுற்றுவதைப்போல ஒரு முறுக்கைப் பெற்றிருக்கக்கூடும். அம்முறுக்கின் எண்ணிக்கையே படிகளில் தோன்றும் முழு எண். கணித மேதை ஷீங்-ஷென் செர்ன் பெயரால் இது செர்ன் எண் எனப்படுகிறது. ஆற்றல் இடைவெளி மூடாதவரை இந்த எண் மாற முடியாது. கயிறு பந்தற்காலை ஊடுருவுவதும் ஆற்றல் இடைவெளி மூடுவதும் கணிதத்தில் ஒத்த நிகழ்ச்சிகள்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. செர்ன் எண் 1 உடைய பொருளும் 0 உடைய பொருளும் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும்போது எண் மாறியாக வேண்டும். எண் மாற வேண்டுமானால் அவ்விடத்தில் ஆற்றல் இடைவெளி மூடியாக வேண்டும். இடைவெளி மூடிய இடத்தில் அலைகளுக்கு வழி திறந்திருக்கும். ஆகவே இரண்டு பொருள்களின் உள்ளேயும் அலை செல்ல இயலாதபோதும் அவற்றின் எல்லைக்கோட்டில் மட்டும் அலை செல்ல வழி உண்டு. இவ்வழியை விளிம்பு நிலை என்பர். பொருளின் உள்ளே உள்ள எண் விளிம்பில் உள்ள வழியைக் காக்கிறது.

அவ்வழி ஒருவழிப்பாதையும் ஆகும். காந்தப் புலத்தில் எலக்ட்ரான் வட்டமாகச் சுழலும். விளிம்பருகே வட்டம் நிறைவடைய இடமில்லை; எலக்ட்ரான் சுவரில் மோதி மோதி ஒரே திசையில் தாவிச் செல்கிறது. கோயில் திருச்சுற்றில் அடியார் வலம் வரும்போது நடுவில் ஒரு தூண் குறுக்கிட்டால், அதனைச் சுற்றிக்கொண்டு அதே திசையில் தொடர்வதைப்போல, எலக்ட்ரானும் தடையைச் சுற்றிச் செல்லும். எதிர்த்திசையில் செல்லும் நிலை அவ்விளிம்பில் இல்லவே இல்லை. இல்லாத நிலைக்கு எந்தக் குறையும் அதனைத் திருப்பிவிட முடியாது.

1988இல் டங்கன் ஹால்டேன் மற்றோர் உண்மையைக் காட்டினார். வலிய காந்தப் புலம் இன்றியமையாததன்று. காலத்திருப்புச் சமச்சீர்மை முறிந்தால் போதும் என்றார் அவர். இச்சொல்லின் பொருள் எளியது. ஓர் இயக்கத்தைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் அதுவும் இயற்கையில் நிகழக்கூடியதாக இருந்தால் அச்சமச்சீர்மை உள்ளது என்கிறோம். அது இருக்கும்வரை முன்செல்லும் வழி ஒவ்வொன்றுக்கும் ஈடான பின்செல்லும் வழி ஒன்று உண்டு. காந்தப் புலத்தில் வலஞ்சுழியாகச் சுழலும் எலக்ட்ரானின் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் இடஞ்சுழி தெரியும். அப்புலம் அதற்கு இடந்தராது. அங்கே சமச்சீர்மை முறிந்துவிட்டது. தௌலெஸ், ஹால்டேன், மைக்கேல் காஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவரும் 2016இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

3. ஒளிக்கு ஒருவழிப்பாதை

மேற்கண்ட வாதத்தில் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு எங்கும் முதன்மையான இடமில்லை. அது அலை என்பதே முதன்மை. ஒளியும் அலையே. இதனை உணர்ந்த ஹால்டேனும் ராகுவும் 2008இல் வெளியான கட்டுரையில், காந்தப் பண்புடைய பொருளால் ஒளிப்படிகம் அமைத்தால் ஒளிக்கும் ஒருவழி விளிம்பு உண்டாகும் என்று முன்மொழிந்தனர். ஒளிப்படிகம் என்பது ஒளியின் அலைநீளத்தை ஒத்த இடைவெளியில் தூண்களையோ துளைகளையோ ஒழுங்காக அடுக்கிய செயற்கை அமைப்பு. படிகத்தில் அணுக்கள் எலக்ட்ரானுக்குச் செய்வதை இத்தூண்கள் ஒளிக்குச் செய்கின்றன. அணுக்களின் அடுக்கை இயற்கை முடிவு செய்கிறது. தூண்களின் அடுக்கை நாமே வரைந்துகொள்ளலாம். செயற்கை இடவியல் அமைப்பு என்னும் தொடரின் பொருள் இதுவே.

2009இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செங் வாங், யிடோங் சோங், ஜான் ஜொவானபோலஸ், மரின் சோல்யாசிச் ஆகியோர் இதனைச் செய்து காட்டினர். ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான சிறு தண்டுகளை வரிசையாக நிறுத்தி, காந்தப் புலத்தில் வைத்து, விளிம்பில் மைக்ரோ அலைகளைச் செலுத்தினர். முன்திசையில் சென்ற அலைக்கும் பின்திசையில் சென்ற அலைக்கும் இடையே ஒரு இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது. தடத்தின் குறுக்கே உலோகத் தகட்டை நீட்டிய போதும் அலை பின்திரும்பவில்லை. தகட்டைச் சுற்றிச் சென்று தன் வழியைத் தொடர்ந்தது. அந்நால்வருள் ஒருவரான யிடோங் சோங் பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியேற்று இத்துறையை வளர்த்து வருகிறார்.

மைக்ரோ அலையில் வென்ற முறையை, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அப்படியே பயன்படுத்த முடியவில்லை. ஒளியின் அதிர்வெண் மிக உயர்ந்தது. அவ்வளவு விரைந்த அதிர்வுக்குக் காந்தப் பொருள்களின் மறுவினை மிக நொய்ந்தது. ஃபோட்டானுக்கு மின்னூட்டம் இல்லாமையால் காந்தப் புலம் அதனை நேரடியாக வளைப்பதும் இல்லை.

2013இல் இசுரேலின் டெக்னியான் நிறுவனத்தாரும் செருமனியின் யேனா பல்கலைக்கழகத்தாரும் காந்தமின்றி ஒரு வழி கண்டனர். கண்ணாடிக் கட்டியினுள் லேசரால் நுண்ணிய ஒளித்தடங்களைத் தேனடையின் அமைப்பில் வரைந்தனர். ஒவ்வொரு தடமும் நேர்கோடாக இல்லாமல் திருகுசுருளாக முன்னேறியது. தடத்தின் நெடுக ஒளி செல்லும் தூரம், எலக்ட்ரானின் இயக்கத்தில் காலம் வகிக்கும் இடத்தை வகிக்கிறது. சுருளின் திருகுதிசை முன்பின் வேறுபாட்டை உண்டாக்கிக் காந்தப் புலத்தின் வேலையைச் செய்தது. அவ்வமைப்பின் விளிம்பில் ஒளி ஒரே திசையில் நகர்ந்தது. ஒரு தடம் விடுபட்டிருந்த இடத்தையும் சுற்றிக் கடந்தது.

4. ஒளியும் பருப்பொருளும் கூடும் இடம்

இதுவரை கண்டவற்றில் பருப்பொருள் ஒளிக்கு மேடை மட்டுமே. குவாண்டம் கருவிக்கு அது போதாது. ஃபோட்டானைப் பிறப்பிக்கவும் உள்வாங்கவும் நினைவிற்கொள்ளவும் அணு அல்லது அணுவைப் போன்ற ஒன்று தேவை. குறைகடத்தியில் சில ஆயிரம் அணுக்கள் சேர்ந்த தீவுத்துணுக்கு ஒன்று அவ்வாறு நடந்துகொள்ளும். அதற்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர்.

2018இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காலியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்தியின் மெல்லிய ஏட்டில் முக்கோணத் துளைகளை அடுக்கி இரண்டு ஒளிப்படிகங்களை அமைத்தனர். இரண்டும் ஒரே அதிர்வெண்ணுள்ள ஒளியைத் தம்முள் விடுவதில்லை. ஆனால் அவற்றின் இடவியல் பண்பு வேறு. ஆகவே அவை சந்திக்கும் எல்லைக்கோட்டில் மட்டும் ஒளிக்கு வழி பிறந்தது. அந்த எல்லையில் குவாண்டம் புள்ளிகள் இருந்தன. புள்ளி வெளியிடும் ஒளியின் மின்புலம் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ சுழலும். வலஞ்சுழி ஒளி எல்லைக்கோட்டில் ஒரு பக்கமும், இடஞ்சுழி ஒளி மறுபக்கமும் சென்றன. கூரிய வளைவிலும் ஒளி தன் வழியைக் கடந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டானே வெளிவருவதையும் அவர்கள் அளந்து உறுதிசெய்தனர்.

இதன் சிறப்பை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவாக அணு ஒன்று வெளியிடும் ஃபோட்டான் இன்ன திசையில் செல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இங்கே பருப்பொருளின் அகநிலையும் ஒளியின் திசையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுவிட்டன. திசையை அறிந்தால் பருப்பொருள் எந்நிலையில் இருந்தது என்பதை அறியலாம். குவாண்டம் செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல இத்தகைய பிணைப்பே அடிப்படை.

அதே ஆண்டில் செருமனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மேலும் நெருங்கிய கூட்டு ஒன்று உருவானது. குறைகடத்தி ஒளியை உள்வாங்கும்போது ஓர் எலக்ட்ரான் மேலெழுந்து, தான் இருந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. எலக்ட்ரானும் வெற்றிடமும் ஒன்றையொன்று ஈர்த்து இணைந்திருப்பதை எக்சிட்டான் என்பர். இதனை இரண்டு ஆடிகளுக்கு நடுவே வைத்தால், எக்சிட்டான் ஒளியாகி, ஒளி மீண்டும் எக்சிட்டானாகி, மிக விரைந்து மாறிமாறி நிகழும். அந்நிலையில் இரண்டையும் பிரித்துப் பேசுவதில் பொருளில்லை. ஒளி ஒரு பாதியும் பருப்பொருள் ஒரு பாதியுமான அப்புதிய துகளுக்குப் பொலாரிட்டான் என்று பெயர்.

முந்தைய பகுதியில் கண்ட இடர்ப்பாட்டுக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஃபோட்டான் காந்தப் புலத்தைப் பொருட்படுத்துவதில்லை, எக்சிட்டான் பொருட்படுத்தும். பொலாரிட்டானில் பருப்பொருட்பாதி காந்தத்துக்கு இணங்கும் தன்மையை ஒளிக்குக் கடனாகத் தருகிறது. நுண்தூண்களைத் தேனடைபோல் அடுக்கி, மிகக் குளிர்ந்த நிலையில் 5 டெஸ்லா காந்தப் புலத்தில் வைத்தபோது, பொலாரிட்டான்கள் விளிம்பில் ஒரு திசையில் சென்றன. காந்தப் புலத்தின் திசையை மாற்றியபோது அவை செல்லும் திசையும் மாறியது.

ஒளியைப் பெருக்கும் பருப்பொருளை இத்தகைய விளிம்பில் அமைத்தால் லேசர் உருவாகும். 2018இல் டெக்னியானும் அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் இணைந்து, நுண்வளையங்களை 10 வரிசையும் 10 நிரலுமாக அடுக்கிய லேசரை உருவாக்கின. ஒளி அதன் சுற்றுவிளிம்பில் ஓடியது. வேண்டுமென்றே குறைகளைப் புகுத்தியபோதும் வளையங்கள் ஒருங்கிணைந்து ஒளிர்ந்தன. 2020இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் மின்னோட்டத்தால் நேரடியாக இயங்கும் இடவியல் லேசரை வெளியிட்டன. அதில் டெராஹெர்ட்ஸ் ஒளி ஒரு முக்கோணத் தடத்தில் மூன்று கூரிய மூலைகளையும் கடந்து சுழன்றது.

5. ஒளி பருப்பொருளை மாற்றும்போது

கடன் ஒரு பக்கம் மட்டும் நிகழ்வதில்லை. ஒளியும் பருப்பொருளுக்கு இடவியல் பண்பைத் தரக்கூடும். கார்பன் அணுக்கள் தேனடை வடிவில் ஒற்றை அடுக்காக அமைந்த பொருள் கிராஃபீன். அதன்மீது மின்புலம் சுழலும் ஒளியை வலுவாகப் பாய்ச்சினால், அச்சுழற்சியே காலத்திருப்புச் சமச்சீர்மையை முறித்து, காந்தமின்றி ஹால் விளைவைத் தோற்றுவிக்கும் என்று தகாஷி ஓகாவும் ஹிதேயோ அயோகியும் 2009இல் கணித்தனர். செருமனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார், நொடியின் பில்லியனில் ஒரு பங்கைக் காட்டிலும் மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பைப் பாய்ச்சி, அத்தகைய குறுக்கு மின்னோட்டத்தை அளந்தனர். அம்முடிவு 2020இல் அச்சேறியது. அம்மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு இடவியலுக்கு உரியது, எவ்வளவு பங்கு ஒளியால் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்ததற்கு உரியது என்பது இன்னும் விவாதிக்கப்படுகிறது.

சூரிக் நகரின் கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014இல் நடந்த ஆய்வில் பங்குகள் முற்றிலும் இடம்மாறின. லேசர் கற்றைகள் ஒன்றையொன்று வெட்டி ஒளியாலான தேனடையை உருவாக்கின. மிகக் குளிர்ந்த பொட்டாசியம் அணுக்கள் அதில் எலக்ட்ரான்களைப்போல் உலவின. தேனடையை வட்டமாக அசைத்தபோது, ஹால்டேன் 1988இல் தாளில் எழுதிய அமைப்பு ஆய்வகத்தில் உருப்பெற்றது. அங்கே ஒளியே படிகம், பருப்பொருளே அலை.

6. காப்பின் எல்லை

இத்தனை வெற்றிகளைக் கேட்டபின், இடவியல் அமைப்பில் செல்லும் ஒளி எந்நிலையிலும் பின்திரும்பாது என்று முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு தவறு. மேலே கண்ட அமைப்புகள் இருவகைப்பட்டவை. மைக்ரோ அலை, பொலாரிட்டான் ஆய்வுகளில் காந்தப் புலம் காலத்திருப்புச் சமச்சீர்மையை உண்மையாகவே முறித்தது. அவற்றில் எதிர்த்திசை வழி இல்லை. மேரிலாந்தின் ஒளிப்படிகத்திலும் நன்யாங்கின் லேசரிலும் அச்சமச்சீர்மை ஒளித்தடத்தில் முறியவில்லை. அவற்றில் எதிர்த்திசை வழியும் உண்டு. ஆனால் அது மறுசுழி ஒளிக்கோ வேறொரு தன்மையுடைய அலைக்கோ உரியது. படிகத்தின் அடுக்கு ஒழுங்காக இருக்கும்வரை ஒன்று மற்றொன்றாக மாறாது.

எலக்ட்ரான்களுக்கு இத்தகைய ஏற்பாடே போதுமானது. எலக்ட்ரானின் தற்சுழற்சி அரை அளவினது. அதனால் எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரண்டு நிலைகளையும் காந்தப் பண்பில்லாத எந்த மாசும் கலக்க முடியாது என்று இயற்கை விதியே உறுதியளிக்கிறது. ஃபோட்டானின் தற்சுழற்சி 1. அந்த உறுதி ஃபோட்டானுக்கு இல்லை. ஃபோட்டானுக்கு நாம் தருவது அடுக்கின் ஒழுங்கைச் சார்ந்த காப்பு. அந்த ஒழுங்கைக் குலைக்கும் குறை காப்பையும் குலைக்கும்.

2020இல் நன்யாங், ஒசாகா பல்கலைக்கழகங்கள் சிலிக்கன் சில்லில் டெராஹெர்ட்ஸ் அலையைப் பத்துக் கூரிய வளைவுகள் வழியாகச் செலுத்தி, நொடிக்கு 10 கிகாபிட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் பிழையின்றித் தரவு அனுப்பின. வளைவுகள் அடுக்கின் ஒழுங்கோடு பொருந்துமாறு வெட்டப்பட்டிருந்தன, காப்பு நின்றது. 2023இல் டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதே வகைத் தடத்தை, இணையச் செய்திகளைச் சுமக்கும் அகச்சிவப்பு ஒளிக்காகச் சிலிக்கனில் அமைத்து, ஒளி மெதுவாகச் செல்லும் நிலையில் கூர்ந்து அளந்தனர். உற்பத்தியின்போது தானாக எழும் நானோமீட்டர் அளவிலான கரடுமுரடுகள் ஒளியை வலுவாகப் பின்சிதறச் செய்தன. இடவியல் பண்பில்லாத தடத்தைக் காட்டிலும் இதற்குச் சிறப்பான காப்பு எதுவும் காணப்படவில்லை. கரடுமுரடு அடுக்கின் ஒழுங்கை மதிப்பதில்லை என்பதே காரணம்.

உள்வாங்கலும் மற்றோர் எல்லை. ஒளி பின்திரும்பாமல் இருக்கலாம். ஆனால் பொருள் அதனை உறிஞ்சி வெப்பமாக்கிவிட்டால் எந்த முழு எண்ணாலும் அதனை மீட்க இயலாது. காந்தப் புலத்தால் பெறும் உண்மையான ஒருவழிப்பாதைக்கும் விலை உண்டு. பொலாரிட்டான்களுக்கு வலிய காந்தமும் கடுங்குளிரும் தேவைப்பட்டன; அத்தகைய கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது.

7. நிறைவாக

இத்துறையைப் பற்றிய செய்தி எதனைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு மாணவர்களை வேண்டுகிறேன். இங்கே பேசப்படும் முழு எண் எது? அது எந்தச் சமச்சீர்மை முறிந்ததால் அல்லது நிலைத்ததால் காக்கப்படுகிறது? எவ்வகைக் குறையிலிருந்து அது காக்கிறது? இவை மூன்றுக்கும் விடை தெரிந்தால், ஒரு கருவி எங்கே பயன்படும், எங்கே கைவிடும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். வளைவுகளைக் கடக்கும் சில்லும், கரடுமுரட்டில் தடுமாறிய சில்லும் ஒரே கோட்பாட்டின் இரண்டு விளைவுகள் என்பதும் அப்போது விளங்கும்.

இனிச் செய்யவேண்டியதும் இவற்றிலிருந்தே தெரிகிறது. வலிய காந்தமின்றி, அறை வெப்பநிலையில், கண்ணுறும் ஒளிக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் காலத்திருப்புச் சமச்சீர்மையை உண்மையாக முறிக்கும் பொருளோ முறையோ வேண்டும். பொலாரிட்டானில் கண்டதைப்போல, ஒளிக்கு இல்லாத திறனைப் பருப்பொருளிடமிருந்து கடனாகப் பெறுவது அதற்கு ஒரு வழி. அமைப்பின் அசைவால் அதனை உண்டாக்குவது மற்றொரு வழி. நம்மிடையே உள்ள நன்யாங் பல்கலைக்கழகம் உட்பட உலகின் பல ஆய்வகங்கள் இத்துறையில் ஈடுபட்டுள்ளன; இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர் அப்பணியில் சேருவதற்குக் காலம் கடந்துவிடவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பொருளைக் கற்பிக்கச் செர்ன் எண்ணின் கணிதத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு கயிற்றையும் ஒரு தூணையும் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். சுற்றின் எண்ணிக்கையை மாற்ற மாணவர்கள் முயலட்டும். அறுக்காமல் மாற்ற முடியாது என்பதை அவர்கள் தம் கைகளால் உணர்ந்தபின், ஆற்றல் இடைவெளியையும் விளிம்பு நிலையையும் அறிமுகம் செய்யலாம். வலஞ்சுழி, இடஞ்சுழி, விளிம்பு, முறுக்கு முதலிய சொற்கள் அவர்கள் முன்பே அறிந்தவை. அச்சொற்களைக் கொண்டே இக்கோட்பாட்டின் பெரும்பகுதியை வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிட முடியும்.